மூன்றாவது நோயாளி

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் சிலருடைய முகம் சுருங்கக்கூடும். கஞ்சாவை மருந்தாகக் கொள்ளும் நோயாளி அதை யாருடைய கையிலிருந்து பெறுவது என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை, அதுதான் பொருள். கஞ்சா என்ற சொல் காதில் விழுந்ததுமே பொலிஸ், மறியல், கெட்ட சகவாசம் என்று ஒரு வரிசை நம் மனத்தில் ஓடும். அதே செடியைச் சித்த வைத்தியம் மூலிகைகளின் வரிசையில் வைத்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். இன்று மாலை பொழுதுபோக்குக்காகப் புகைப்பவரைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வலிப்பால் துடிப்பவர், புற்றுநோய்ச் சிகிச்சையின் குமட்டலில் ஒரு வாய்க் கஞ்சியும் இறங்காமல் கிடப்பவர், நரம்பு நோயால் கைகால் இறுகிப் போனவர், இவர்களைப் பற்றிப் பேசுகிறேன். வைத்தியர் எழுதிக் கொடுத்த பின்பும் மருந்துக்காக அலைகிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன். மருந்து உனக்கு உண்டு, ஆனால் அதைத் தரும் கையை நாங்கள்தான் தெரிவோம் என்று ஓர் அரசு சொன்னால், ஒரு கையால் கொடுத்த உரிமையை மறு கையால் பறிக்கிறது என்பதுதான் என் வாதம். இதற்கான சான்றுகளைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தக் கனடாவின் நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே அவை நிறைந்து கிடக்கின்றன.

நம் ரொறன்ரோ நகரத்தின் குயின் வீதியில் ஆஸ்குட் மண்டபம் என்ற பழைய கட்டடம் இருக்கிறது. இரும்பு வேலியைப் பார்த்துக்கொண்டே பலமுறை அதைக் கடந்து போயிருப்பீர்கள். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அமர்வது அங்கேதான். 2000 ஜூலை 31ஆம் திகதி அந்த நீதிமன்றம் பார்க்கர் வழக்கில் தீர்ப்பு வழங்கியது. பார்க்கர் சிறு வயதிலிருந்தே கடும் வலிப்பு நோயோடு வாழ்ந்தவர். சத்திரசிகிச்சை செய்தும் மருந்துகள் எடுத்தும் நோய் முழுதாக அடங்கவில்லை. கஞ்சா எடுத்தபோது வலிப்பு குறைந்தது. சட்டப்படி வாங்க ஓர் இடமும் இல்லாததால் வீட்டில் தானே செடி வளர்த்தார், அதற்காக அவர்மேல் வழக்கு வந்தது. நீதிமன்றம் என்ன சொன்னது? கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவு உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உடலின் பாதுகாப்புக்கும் அரண். தன் நோய்க்கு எதை மருந்தாக எடுப்பது என்ற முடிவும் அந்தச் சுதந்திரத்துக்குள் அடங்கும். உடல்நலமா, மறியலா என்று ஒரு நோயாளியை நிறுத்திக் கேட்க அரசுக்கு உரிமை இல்லை. இப்படிச் சொன்ன நீதிமன்றம், சட்டத்தைத் திருத்த அரசுக்கு 12 மாத அவகாசம் கொடுத்தது.

அந்த அவகாசத்தின் முடிவில், 2001ஆம் ஆண்டு ஜூலையில், மருத்துவக் கஞ்சாவுக்கான விதிகள் வந்தன. அந்த விதிகளின் உள்ளே கொஞ்சம் நுழைந்து பார்ப்போம், ஏனென்றால் நம் கேள்வி பிறந்த இடமே அதுதான். வைத்தியரின் ஒப்புதலோடு நோயாளி கஞ்சா வைத்திருக்கலாம். சரி, எங்கே பெறுவது? தானே வளர்க்கலாம், அல்லது தனக்காக வளர்க்க ஒருவரை நியமிக்கலாம். அரசின் ஒப்பந்தத்தில் மானிற்றோபா மாகாணத்து ஃபிளின் ஃபிளோன் என்ற ஊரில், நிலத்தடிச் சுரங்கம் ஒன்றின் உள்ளே மின்விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கப்பட்ட கஞ்சா, பின்னர் மூன்றாவது வழியாக வந்து சேர்ந்தது. ஒரே வகை, ஒரே விலை, கிராம் 5 டொலர். முதல் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். கைவிரல்கள் மடங்காத ஒருவர் தொட்டி தூக்கி, மண் மாற்றி, மாதக்கணக்கில் செடியைப் பார்த்துக்கொள்ள முடியுமா? வாடகை அறையில் இருப்பவர் எங்கே வளர்ப்பார்? ஆகவே மிக நோயுற்றவர்களுக்கு இரண்டாவது வழிதான் உயிர்வழி. அந்த வழியில்தான் முட்களைப் போட்டிருந்தார்கள். நியமிக்கப்பட்டவர் கூலி வாங்கக் கூடாது. ஒருவர் ஒரே ஒரு நோயாளிக்குத்தான் வளர்க்கலாம். மூன்று பேருக்கு மேல் ஓரிடத்தில் சேர்ந்து வளர்க்கக் கூடாது. கூலியும் இல்லாமல், ஒரே ஒருவருக்காக, பல மாதம் உழைத்துச் செடி வளர்க்க எத்தனை பேர் முன்வருவார்கள்? ஒரு தாயோ, மனைவியோ, நெருங்கிய சிநேகிதரோ முன்வரலாம். யாரும் இல்லாதவர் என்ன செய்வார்? தெருமுனையில் விற்பவனிடம் போவார். சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்த நோயாளியைச் சட்டமே கள்ளச் சந்தைக்கு அனுப்பி வைத்தது.

2003 ஒக்டோபரில், ஹிட்சிக் வழக்கில், அதே ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த மூன்று தடைகளையும் நீக்கியது. சட்டப்படி பெற வழி வைக்காத அனுமதி நோயாளியைக் கள்ளச் சந்தையை நாடச் செய்கிறது, அது சாசனத்துக்கு முரண் என்றது. அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கூலித் தடையை அரசு விட்டுவிட்டது. ஆனால் ஒருவருக்கு ஒரே நோயாளி என்ற விதியை அதே ஆண்டு டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்தது. நீதிமன்றம் அடைத்த கதவை மூன்று மாதத்துக்குள் திறந்து அதே விதியை உள்ளே அழைத்தார்கள். நோயாளிகள் விடவில்லை. தங்களுக்கென்று ஒரே வளர்ப்பாளரை நியமிக்க விரும்பிய நோயாளிகள் பலர் சேர்ந்து சமஷ்டி நீதிமன்றம் போனார்கள். 2008 ஜனவரியில் வந்தது ஸ்ஃபெட்கோபூலொஸ் தீர்ப்பு. அனுமதி பெற்ற நோயாளிகளில் சிறு பங்கினரே அரசின் சுரங்கக் கஞ்சாவை வாங்கினார்கள் என்பதை நீதிபதி ஸ்ட்ரேயர் முன்வைத்தார். பெரும்பாலோர் வேண்டாம் என்று ஒதுக்கும் ஒரு மருந்தைக் காட்டி, இதோ உங்களுக்கு வழி இருக்கிறதே என்று அரசு சொல்ல முடியாது என்றார். அரசு மேன்முறையீடு செய்து அங்கும் தோற்றது. 2009இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரென் வழக்கிலும் அதே முடிவு. நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே விதியை நிராகரித்தன. பிறகு அரசு என்ன செய்தது? ஒன்று என்றிருந்த எண்ணை இரண்டு என்று மாற்றியது. ஒருவர் இனி இரண்டு நோயாளிகளுக்கு வளர்க்கலாம்! ஏன் இரண்டு? ஏன் மூன்று இல்லை, ஐந்து இல்லை? இந்த இரண்டை மறந்துவிடாதீர்கள், பேச்சின் முடிவில் அதற்குத் திரும்பி வருவேன்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். மருந்து தரும் கை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேனே, அந்தக் கை யாருடையது? அமெரிக்காவின் சட்டங்களில் அந்தக் கைக்குப் பராமரிப்பாளர் என்று பெயர். அந்தச் சொல் சட்டப் புத்தகத்துக்கு வரும் முன்பே அந்த மனிதர்கள் இருந்தார்கள். 1980களில் சான் பிரான்சிஸ்கோ பொது வைத்தியசாலையில் எயிட்ஸ் நோயாளிகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். அவர்களைப் பார்க்க மேரி ராத்பன் என்ற மூதாட்டி தொண்டராக வருவார். கஞ்சா கலந்த கேக் துண்டுகளைத் தம் வீட்டு அடுப்பில் சுட்டு எடுத்து வந்து கொடுப்பார். சாப்பிட்டவர்களுக்குப் பசி எடுத்தது, உணவு வயிற்றில் தங்கியது. பிரௌனி மேரி என்றே ஊர் அவரை அழைத்தது. அவரைப் பொலிஸ் மூன்று முறை கைது செய்தது. யாரும் அவரை நியமிக்கவில்லை, நோயாளிகள் அவரைத் தெரிந்துகொண்டார்கள். 1996இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம், நோயாளி தன் பராமரிப்பாளரைத் தானே குறிக்கலாம் என்று எழுதியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். ஆனாலும் 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிய ரெய்ச் வழக்கில், நோயாளியான பெண்ணுக்கு இலவசமாகக் கஞ்சா வளர்த்துக் கொடுத்த இருவர் தங்கள் பெயரைச் சொல்ல முடியாமல் 'ஜோன் டோ' ஒன்று, 'ஜோன் டோ' இரண்டு என்றே நின்றார்கள். மாநிலச் சட்டம் அவர்களை ஏற்றது, மத்திய சட்டம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. நோயாளி தோற்றார். ஒருவரின் உயிரைக் காக்க உதவியவர்கள் தம் பெயரை மறைத்து நீதி கேட்டார்கள், அன்பர்களே.

மாநில நீதிமன்றங்களும் அந்தக் கையைச் சுருக்கிக்கொண்டே வந்தன. 2008இல் மென்ட்ச் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், கஞ்சா தருவதால் மட்டும் ஒருவர் பராமரிப்பாளர் ஆகிவிட மாட்டார் என்றது. கஞ்சா கொடுக்கத் தொடங்கும் முன்பிருந்தோ, அந்த நாளிலிருந்தோ, நோயாளியின் இருப்பிடம், உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து பார்த்து வந்தவராக இருக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் நியாயம் ஒன்று உண்டு, நான் மறுக்கவில்லை. விற்பவரெல்லாம் பராமரிப்பாளர் என்ற சட்டையைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று நீதிபதிகள் எண்ணினார்கள். ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவருமே இல்லாத நோயாளி எங்கே போவார்? மிச்சிகன் மாநிலம் 2008இல் வேறு வழி எடுத்தது. ஒரு பராமரிப்பாளர் ஐந்து நோயாளிகள் வரை, ஆளுக்கு 12 செடி என்று வளர்க்கலாம், செலவுக்கு ஈடும் பெறலாம். நல்ல விதி. ஆனால் நோயாளி ஒருவர் ஒரே ஒரு பராமரிப்பாளரைத்தான் குறிக்கலாம். அந்தப் பராமரிப்பாளரின் செடியில் பூஞ்சை பிடித்தால்? அவர் சுகவீனப்பட்டால்? மவுண்ட் பிளெசண்ட் என்ற ஊரில் நோயாளிகள் பூட்டுப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து, தம்மிடம் மிஞ்சியதை மற்ற நோயாளிகளுக்கு மாற்றிக்கொள்ள ஒரு நிலையம் நடந்தது. 2013இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டம் பாதுகாக்கவில்லை என்றது. உரிமம் பெற்ற விற்பனை நிலையங்களுக்கு அங்கே சட்டம் வந்தது 2016இல். இல்லினோய் மாநிலத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, நோயாளி ஒரே ஒரு கடையைப் பதிந்துகொண்டு அங்கேதான் வாங்க வேண்டும் என்றது. எந்த மாநிலத்துக்குப் போனாலும் கேள்வி ஒன்றுதான்: நோயாளி ஒருவரைத் தெரிந்துகொள்ளலாம் என்று எழுதிவிட்டு, ஏன் உடனே வேலி போடுகிறார்கள்?

கனடாவுக்குத் திரும்புவோம். மருந்தைத் தரும் கையை மட்டும் கட்டவில்லை, மருந்தின் வடிவத்தையும் கட்டினார்கள். நம் பழைய விதிகள் உலர்ந்த கஞ்சாவுக்கு மட்டும் அனுமதி தந்தன. ஓர் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். சட்டியில் வெண்ணெய் உருகுகிறது. வைத்தியர் அனுமதித்த, அரசு அனுப்பிய அதே இலை அதில் விழுகிறது. மெல்லிய தீயில் வெந்து, பச்சை வாசம் எழும்பி, துணியில் வடிகட்டப்படுகிறது. சக்கையை எறிந்துவிட்டு அந்த வெண்ணெயைப் போத்தலில் எடுக்கும் நொடியில் அது குற்றம். இலை சட்டியில் இருந்தவரை சட்டம், வடிகட்டிய பின் மறியல்! நுரையீரல் கெட்டவர் புகைக்க முடியுமா? இரவு முழுக்க வலி தணிய வேண்டியவருக்கு, சற்று நேரத்தில் அடங்கிவிடும் புகை போதுமா? விக்டோரியா நகரத்தில் நோயாளிகளுக்காகப் பிஸ்கட் சுட்ட ஓவன் ஸ்மித் என்பவரின் வழக்கில், 2015 ஜூனில் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியைத் தள்ளியது. கவனியுங்கள், அவர் நோயாளி இல்லை. நோயாளிக்காக அடுப்பில் நின்றவர். மருந்து தருகிறவரின் கையைக் கட்டினால் நோயாளியின் சாசன உரிமைதான் கட்டப்படுகிறது என்பதை அந்தத் தீர்ப்பு நாடு முழுவதற்கும் உறுதி செய்தது.

இதற்கிடையில் 2013இல் அரசு இன்னொரு பெரிய அடி எடுத்து வைத்திருந்தது. இனி யாரும் வீட்டில் வளர்க்கக் கூடாது, யாரையும் நியமிக்கக் கூடாது, உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் தபாலில் மட்டும் வாங்க வேண்டும் என்று புது விதிகள். தீவிபத்து, பூஞ்சை, கொள்ளை என்று வீட்டு வளர்ப்பின் ஆபத்துகளை அரசு அடுக்கியது. இதை எதிர்த்து அலார்ட் வழக்கு எழுந்தது. 2016 பெப்ரவரி 24ஆம் திகதி சமஷ்டி நீதிமன்ற நீதிபதி பீலன் அந்த விதிகளைச் செல்லாது என்றார். நிறுவனங்களின் விலை பல நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. தமக்குச் சரிவந்த வகை தேவையான நேரத்தில் கிடைக்கும் என்ற உறுதியும் அவர்களுக்கு இல்லை. தீயும் பூஞ்சையும் பற்றி அரசு சொன்னவை, வீட்டு வளர்ப்பை அடியோடு தடுக்கப் போதுமான நியாயமாக நிற்கவில்லை. அந்த ஆண்டு ஓகஸ்டில் தானே வளர்க்கும் உரிமையும் ஒருவரை நியமிக்கும் உரிமையும் திரும்பி வந்தன. 2000 முதல் 2016 வரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நோயாளி நீதிமன்றத்தில் வென்றார், ஒவ்வொரு முறையும் அந்த வெற்றியில் ஒரு துண்டு அடுத்த விதியில் குறைந்தது. இந்தப் பதினாறு ஆண்டுகளும் நோயோடு கழிந்தவை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவை வலுவானவை, அவற்றைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. முதலாவது, நியமிக்கப்பட்ட வளர்ப்பாளர் என்ற பெயரில் குற்றக் கும்பல்கள் புகுந்துவிடும் என்பது. இது நடந்திருக்கிறது. பொலிசும் சமஷ்டி அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவும் இதைச் சொல்லி எச்சரித்திருக்கின்றன. ஆனால் கும்பல் எந்த வாசலால் வருகிறது என்று பார்ப்போம், வாருங்கள். நம் நாட்டில் எத்தனை செடி வளர்க்கலாம் என்பது வைத்தியர் எழுதும் நாளாந்த அளவிலிருந்து ஒரு சூத்திரத்தால் கணக்கிடப்படுகிறது. வீட்டுக்குள் வளர்த்தால் நாளுக்கு 1 கிராமுக்கு 5 செடி, 2 கிராமுக்கு 10 செடி. 100 கிராமுக்கு ஏறத்தாழ 487 செடி. இப்போது சொல்லுங்கள். நாளுக்கு 2 கிராம் எடுக்கும் ஐந்து நோயாளிகளுக்கு வளர்க்கும் ஒருவர் வைத்திருப்பது 50 செடி. அவர் சட்டத்தை மீறியவர். நாளுக்கு 100 கிராம் எழுதிக் கொடுத்த ஒரே நோயாளிக்கு வளர்ப்பவர் 487 செடி வைத்திருக்கிறார். அவர் விதிக்குள் நிற்பவர். ஆபத்து ஆட்களின் எண்ணிக்கையிலா இருக்கிறது? அளவைக் கண்காணியுங்கள், பெருந்தொகை எழுதும் வைத்தியரைக் கேள்வி கேளுங்கள், இடத்தைச் சோதனை செய்யுங்கள், தவறு செய்தவரின் பதிவை ரத்து செய்யுங்கள். அதற்குப் பதிலாக மூன்றாவது நோயாளியைத் திருப்பி அனுப்புவதால் எந்தக் கும்பலும் பயப்படப் போவதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் தரம் பற்றியது. வீட்டில் வளர்த்ததில் பூஞ்சை இருக்கலாம், மருந்தின் வலு தெரியாது, நிறுவனத்தின் சரக்கு சோதிக்கப்பட்டது என்கிறார்கள். சோதனை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 2016இன் இறுதியிலும் 2017இன் தொடக்கத்திலும் உரிமம் பெற்ற நிறுவனங்களின் மருத்துவக் கஞ்சாவிலேயே அனுமதியற்ற பூச்சிகொல்லி கண்டுபிடிக்கப்பட்டு, சரக்கு திரும்பப் பெறப்பட்டது. மைக்ளோபியூட்டனில் என்ற அந்தப் பூச்சிகொல்லி சூடாகும்போது ஐதரசன் சயனைட்டு என்ற நச்சை வெளியிடக் கூடியது. நோயாளிகள் அதைப் புகைத்திருந்தார்கள். பூச்சிகொல்லிச் சோதனை கட்டாயமானது அதற்குப் பிறகுதான். உரிமப் பத்திரம் இலையைச் சுத்தம் செய்வதில்லை, ஆய்வுகூடம்தான் சுத்தத்தைச் சொல்லும். அந்த ஆய்வுகூடத்தின் கதவைச் சிறு வளர்ப்பாளருக்கும் குறைந்த செலவில் திறந்து வைப்பதுதான் தரத்துக்கான வழி. சந்தேகம் வந்த நாளில் வேறொருவரிடம் போகும் உரிமையும் நோயாளிக்கு ஒரு காவல் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவதாக, சிலர் கேட்கிறார்கள்: 2018 ஒக்டோபர் 17இலிருந்து கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டதே, தெருவுக்குத் தெரு கடை இருக்கிறதே, இனி இந்த வழக்கு எதற்கு? கடைக்குள் போய்ப் பார்ப்போம். அங்கே நிற்பவர் நோய் பற்றி ஆலோசனை சொல்ல முடியாது. வலிப்பு நோயுள்ள பத்து வயதுப் பிள்ளை ஒன்ராறியோவில் அந்த வாசலைத் தாண்டவே முடியாது. வைத்தியரின் பத்திரத்தை அங்கே நீட்டிப் பயனில்லை. மருத்துவக் கஞ்சா இன்னும் சமஷ்டி உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்து வீட்டுக்கு அனுப்பி வைக்கப்படும் பொருள்தான், அதற்கும் கலால் வரி உண்டு. வேறு மருந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை இந்தப் பார்மசியில் இல்லையென்றால் அடுத்த பார்மசிக்கு மாற்றிக்கொள்கிறீர்கள். யாரையும் கெஞ்சுவதில்லை. எல்லா மருந்துக்கும் உள்ள அந்தச் சாதாரண உரிமையைத்தான் கஞ்சா நோயாளி கேட்கிறார். பத்திரத்தை ஒரு விற்பனையாளரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிக் கேட்கும் வழியே 2018இன் விதிகளோடுதான் வந்தது.

நோயாளிகள் தாமாகக் கட்டிய மருந்தகங்களோ சட்டத்துக்கு வெளியிலேயே நின்றன. வன்கூவரில் 1997இல் தொடங்கிய கருணைக் கழகம் நோயாளிகளை அமரவைத்து, எந்த வகை எதற்கு உதவும் என்று பேசிக் கொடுத்தது. அந்த நகரசபை 2015இல் துணிந்து ஒரு விதி செய்தது. கடைகளுக்கு ஆண்டுக் கட்டணம் 30,000 டொலர், கருணைக் கழகங்களுக்கு 1,000 டொலர் என்று. இலாபத்துக்கு விற்பதும் நோயாளிக்குத் துணைநிற்பதும் வேறு வேறு என்று அந்த நகரசபை பிரித்துப் பார்த்தது. நம் ரொறன்ரோவில் 2016 மே 26ஆம் திகதி பொலிஸ் 43 கடைகளில் ஒரே நாளில் புகுந்து 90 பேரைக் கைது செய்தது. அவற்றில் இலாபம் தேடி முளைத்தவை பல என்பது உண்மை. ஆனால் அடுத்த நாள் காலை மூடிய கதவின் முன் வந்து நின்றவர்களில் நோயாளி யார், மற்றவர் யார் என்று பிரித்துக் கேட்க ஒருவரும் அங்கே இல்லை.

அந்த இரண்டுக்கு இப்போது வருகிறேன். 2009இல் ஒன்று இரண்டானது. 2016இன் விதிகளிலும் அதே இரண்டு. 2018இல் நாடே கஞ்சாச் சட்டத்தை மாற்றி எழுதியபோதும் அதே இரண்டு. ஒன்ராறியோவில் எந்த நோயும் இல்லாத ஒருவர், யாரிடமும் கேட்காமல், வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம். பத்து ஆண்டு அனுபவம் உள்ள ஒரு வளர்ப்பாளர், தன்னிடம் நம்பி வந்த இரு நோயாளிகளுக்கு நல்ல மருந்து கொடுத்துவிட்டு, மூன்றாவதாக வருபவரை வாசலில் வைத்தே திருப்பி அனுப்ப வேண்டும். தன்னால் வளர்க்க முடியாதவர் அவர், வளர்க்கத் தெரிந்த உறவும் இல்லாதவர், தபாலில் வரும் சரக்கின் விலைக்கு ஈடு கொடுக்க முடியாதவர். அவரிடம் வைத்தியரின் பத்திரம் இருக்கிறது. சாசனத்தின் 7ஆம் பிரிவு இருக்கிறது. ஆஸ்குட் மண்டபத்தின் தீர்ப்பும் இருக்கிறது. உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை நம் விழா மேடைக்கு வந்து வணக்கம் சொல்லும்போது, அந்த மூன்றாவது நோயாளிக்கு என்ன பதில் என்று அவரிடம் கேளுங்கள்.